மூன்றாவது கட்டம் இல்லை

ஆரணியில் ஒரு அரிசி மில்லில் எடை குமாஸ்தாவாக இருந்த சாந்திகுமாருக்கு 1986ஆம் ஆண்டு ஜூன் மாதம் முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. வேலூரில் ஒரு கல்லூரி எம்.சி.ஏ. வகுப்பைப் புதிதாகத் தொடங்கியிருந்தது. முப்பதைத் தொட்டவர்களை அங்கே சேர்க்க மாட்டார்கள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார், நேர்முகம் மட்டும் பாக்கி. அது கைவிட்டுப் போனால் அடுத்த வருடம் என்று ஒன்று அவருக்குக் கிடையாது. மில்லின் தராசோடுதான் மிச்ச வாழ்க்கை.

கணிதத்தில் பட்டம் வாங்கியவர்தான். ஆனால் அவர் படித்தது வளைகோடுகளும் தொகையீடும். கம்ப்யூட்டருக்கு அடிப்படை என்று இவர்கள் கேட்ட கணிதம் வேறு. தர்க்கம், கணங்கள், எண்ணும் முறைகள், புள்ளிகளைக் கோடுகளால் இணைக்கும் வரைபடங்கள். டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸ் என்று அதற்குப் பெயர். தண்ணீர்போலத் தொடர்ந்து ஓடுவது எதுவும் அதில் இல்லை; நெல்மணிகளைப்போல எல்லாம் தனித்தனியாக நிற்கும். இரவல் புத்தகம் ஒன்றை மில் இரைச்சலுக்கு நடுவே படித்தார். கம்ப்யூட்டரை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

முதல் அத்தியாயத்திலேயே இடறினார். ஒரு கூற்று மெய்யாக இருக்கும் அல்லது பொய்யாக இருக்கும், வேறு நிலை கிடையாது என்றது புத்தகம். சாந்திகுமார் சமணர்; ஊரில் அவர்களை நயினார் என்பார்கள். ஒருவகையில் உண்டு, ஒருவகையில் இல்லை, ஒருவகையில் சொல்லவொண்ணாதது என்று கோயிலில் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். உலகத்தை இரண்டே கட்டங்களில் அடைப்பது அவருக்கு அவசரக்காரர்களின் வேலையாகப் பட்டது. அந்தத் தயக்கத்தில் பிழை இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் தேர்வுக்குப் போகிறவருக்கு அது ஆபத்து. எந்தக் கூற்று எப்போது மெய், எப்போது பொய் என்று புத்தகத்தில் கட்டம் போட்டிருந்த அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டார். நம்பவில்லை.

பக்கத்து வீட்டு வேடியப்பன், பட்டுப் புடவைக்குப் பூவேலை விழுவதற்காகத் தறியில் மாட்டும் அட்டைகளில் ஓட்டை குத்துகிறவர். அவருக்கு இது பெரிய வேடிக்கை.

"இன்னா நயினாரே, படிச்சிகினே இருக்கிறியே, எங்க இடிக்குது?"

"மெய், பொய் ரெண்டுதானாம்பா. நடுவுல ஒண்ணும் கெடையாதாம்."

"என் அட்டையில ஓட்டை இருந்தா இழை தூக்கும், இல்லாங்காட்டி கெடக்கும். நடுவுல தொங்கிகினு இருந்தா எவ அந்தப் பொடவையக் கட்டுவா?"

"தறிக்கு அது சரி. ஒலகம் தறியா?"

"அப்ப ஒலகத்துகிட்டயே போயி சீட்டு கேளு!"

நேர்முகத்துக்குக் கிளம்பும்போது மனைவி ஜ்வாலாமாலினி புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். "அங்க போயி தத்துவம் பேசிகினு ஒக்காராதீங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு ஜல்தியா வந்துடுங்க. பொழுது சாயறதுக்குள்ள சாப்டுடுங்க."

காலையில் கூப்பிட்டிருந்தார்கள். பெயர் வரிசை ஆங்கில அகரவரிசை. இவருடையது கடைசிப் பக்கம். அடுத்தது நாம்தான், அடுத்தது நாம்தான் என்று மதியத்தைத் தாண்டிவிட்டார். மாலை ஆறு மணிக்குப் பொட்டலத்தின் நூலைப் பிரித்தபோது பியூன் பெயரைக் கூப்பிட்டார். திரும்பக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கணிதத் துறைத் தலைவர் ரேணுகாம்பாள்.

"இது நடந்தால் அதுன்னு ஒரு வாக்கியம் சொல்லுங்க. புத்தகத்துல இருக்கறது வேணாம்."

பசியில் அவருக்கு ஒன்றுதான் தோன்றியது. "பொழுது மறைஞ்சா நான் சாப்பிட மாட்டேன்."

"வேண்டுதலா?"

"இல்லீங்க, எங்க வழக்கம். நாங்க சமணருங்க."

அந்த அம்மையார் ஜன்னலைப் பார்த்தார். எதிர்ச் சுவரில் இன்னும் வெயில் இருந்தது. "பொழுது மறையல. நீங்க சொன்ன வாக்கியம் இப்ப மெய்யா, பொய்யா?"

"சோதிச்சுப் பாக்கற வேளையே வரலீங்களே. அதனால மெய்யும் இல்ல, பொய்யும் இல்ல. சொல்ல முடியாதுங்க."

வலப்பக்கம் இருந்தவர் சிரித்தேவிட்டார். "மேடம், மூணாவது கட்டம் ஒண்ணு கண்டுபிடிச்சிட்டாரு!"

"இந்தப் பாடத்துல மூணாவது கட்டம் இல்ல," என்றார் ரேணுகாம்பாள். அடுத்தவரைக் கூப்பிட அவர் கை மேசைமணிக்குப் போனது.

சாந்திகுமார் எழுந்திருக்கவில்லை. மனப்பாடம் செய்த அட்டவணை அந்த நேரம் பார்த்து மறந்துபோயிருந்தது. மிச்சம் இருந்தது அந்த வழக்கம் மட்டும்தான். அது எப்போது கெடும் என்று யோசித்தார்.

"ஒரு நிமிஷம்ங்க. தப்பா சொல்லிட்டேன்."

மணி அடிக்கவில்லை.

"பட்டப்பகல்ல ஒருத்தர் என்னைப் பாத்து, வழக்கத்தைக் கெடுத்துட்டேன்னு சொன்னா நான் சண்டைக்குப் போவேங்க. பகல்ல சாப்ட்டாலும் கெடல, பட்டினி கெடந்தாலும் கெடல. ராத்திரி சாப்பிடாம இருந்தாலும் கெடல. பொழுதும் மறைஞ்சு, நானும் சாப்ட்டாத்தான் அந்த வாக்கியம் பொய். அந்த ஒரு எடம் தவிர மத்ததெல்லாம் மெய். அதனால இப்பவும் மெய்ங்க."

"அப்ப உங்க 'சொல்ல முடியாது' எங்க போச்சு?"

"எங்கயும் போவலீங்க. ஒலகத்தைப் பத்திக் கேட்டா இன்னமும் அதைத்தான் சொல்லுவேன். நீங்க வாக்கியத்தைப் பத்திக் கேட்டீங்க."

இது கண்டுபிடிப்பு அல்ல. எந்தப் பாடப்புத்தகத்திலும் முதல் சில பக்கங்களிலேயே இருக்கிறது. உலகம் எப்படிப்பட்டது என்பது ஒரு கேள்வி. ஒரு வாக்கியத்தை எப்படி எடுத்துக்கொள்வதென்று நாம் செய்துகொள்ளும் ஏற்பாடு வேறொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்காமலே தத்துவம் படித்து முடித்தவர்கள் உண்டு. அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் பிரித்துக்கொண்டார். அவ்வளவுதான் சொல்வேன்.

மூவரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். சிரித்தவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். சுவரில் வெயில் போய்விட்டது. ரேணுகாம்பாள் கடைசியில் நிமிர்ந்தார்.

"சேத்துக்கறோம். ஆனா மொத செமஸ்டர்ல ஒரு பேப்பராவது உங்களுக்குப் போயிடும். ஒவ்வொண்ணையும் நம்பினாத்தான் எழுதுவீங்க போல. பரீட்சையில அதுக்கு நேரம் குடுக்க மாட்டாங்க."

"சரிங்க," என்றார். பொட்டலத்தைப் பியூனிடம் கொடுத்துவிட்டு, வெறும் வயிற்றோடு ஆரணி பஸ் ஏறினார்.

அந்த அம்மையார் சொன்னது பலித்தது. டிசம்பரில் ஒரு தாளில் தோற்றார். அது டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸ் அல்ல, அக்கவுண்டன்சி. ஆறு வருடம் மில்லில் குமாஸ்தாவாக இருந்தவர் அதில் எப்படித் தோற்றார் என்று வேடியப்பன் தெருவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். மறுபடி எழுதித்தான் தேறினார்.