அப்பா வைத்த மீன் குழம்பு

குவைத்திலிருந்து நான் திரும்பி வந்த அன்று, என் கணவர் வைத்திருந்த மீன் குழம்பு மிக நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நர்ஸ் வேலைக்காக நான் கிளம்பிப் போனபோது மகளுக்கு நான்கு வயது முடிந்திருந்தது. மகன் அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகியிருந்தான். கணவருக்குக் காரைக்காலில் மின்துறையில் வேலை. வீடு தலத்தெருவில். அதுவரை அவருக்கும் அடுப்படிக்கும் இருந்த உறவு, நிலைப்படியில் நின்று "சோறு ஆயிடுச்சா?" என்று கேட்பது மட்டும்தான். வெந்நீர் வைக்கச் சொன்னால் பாத்திரம் கருகும்வரை பேப்பர் படிப்பார். அவரிடம் இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறோமே என்று விமானம் ஏறும்வரை அழுதேன். சமையலுக்கு ஒரு அம்மாவை ஏற்பாடு செய்திருந்தேன். அந்த அம்மா கொஞ்ச நாளிலேயே நின்றுவிட்டதாகக் கணவர் போனில் சொன்னார். "நான் பாத்துக்கறேன், நீ கவலப்படாத" என்றார். வெள்ளிக்கிழமைதோறும் பேசுவேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டால் சாப்பிட்டோம் என்பார்கள். என்ன சாப்பிட்டார்கள் என்று நான் விவரமாகக் கேட்டதில்லை. கேட்டால் மனசு தாங்காது என்று நினைத்தேன்.

மூன்று வருட ஒப்பந்தம் முடிந்து, சென்னையிலிருந்து இரவு பஸ் பிடித்துக் காலையில் வந்து இறங்கினேன். மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். மகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மகன் அவர் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என் பெட்டியையே பார்த்தான்.

மதியம் அவர் இலை போட்டார். மாங்காய் போட்ட மீன் குழம்பு, வறுத்த சங்கரா, ரசம். ஒரு வாய் வைத்தேன். புளி, காரம், உப்பு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. உப்பாவது கொஞ்சம் தூக்கலாக இருக்கக்கூடாதா என்று தோன்றியது.

"எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்குங்க" என்றேன். பிள்ளைகள் தலையைக்கூடத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அடுப்படிக்குள் போனால் என் அடுப்படி அங்கே இல்லை. அஞ்சறைப்பெட்டி அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிருந்தது, அவர் உயரத்துக்கு. காபித்தூள் டப்பாவில் கல் உப்பு இருந்தது. குழம்புச் சட்டி நான் வாங்கியதல்ல. அவர் ஆபீசுக்குப் போனதும் எல்லாவற்றையும் இறக்கிப் பழைய இடத்தில் வைத்தேன். சாயங்காலம் அவர் டீ போடப் போய், சர்க்கரைக்குக் கையை நீட்டி, காற்றைத் துழாவிவிட்டுக் கையை இறக்கிக்கொண்டதைக் கூடத்திலிருந்து பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது.

ஆனால் பிள்ளைகளை அப்படி எடுத்துப் பழைய இடத்தில் வைக்க முடியவில்லை. மகன் சாப்பிடுவதென்றால் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து கூடையில் மீன் கொண்டுவரும் அம்மாவிடம் அவனுக்கென்று தனியாகக் கிழங்கான் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். அந்த மீனை விரல்களுக்கு நடுவே நசுக்கி, முள் இல்லை என்று இரண்டு தரம் பார்த்து, சோற்று உருண்டைக்குள் ஒளித்து ஊட்டுவார். நான் அதே மாதிரி உருட்டிக் கொண்டுபோனால் அவன் வாயை இறுக்கி மூடிக்கொள்வான்.

"நீங்க வைங்க. அப்பா ஊட்டும்" என்பான்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் அம்மாவை 'நீ' என்பார்கள், அப்பாவை 'நீங்க' என்பார்கள். எங்கள் வீட்டில் அது தலைகீழாகியிருந்தது. அவரை அவன் "நீ வா, நீ குடு" என்று அதிகாரம் செய்வான். என்னிடம் வரும்போது விருந்தாளியிடம் பேசுவதுபோல் "உங்களுக்குத் தண்ணி வேணுமா?" என்பான். அந்த மரியாதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். என் வயிற்றில் பிறந்த பிள்ளை அவரை 'நீ' என்று கூப்பிடுவதைப் பார்த்து, கட்டிய புருஷன்மேலேயே பொறாமைப்பட்டேன்.

சமையலில்தான் அவரை ஜெயிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். குவைத்தில் என்னோடு அறையில் இருந்த கேரளத்துப் பெண்களிடம் ஆப்பமும் தேங்காய்ப்பால் விட்ட கோழிக்கறியும் கற்றிருந்தேன். ஒரு விடுமுறை நாளில் விடிந்ததிலிருந்து நின்று சமைத்தேன். மகன் ஆப்பத்தின் மொறுமொறுப்பான ஓரத்தை மட்டும் பிய்த்துத் தின்றுவிட்டு எழுந்துவிட்டான். மகளுக்கு என் மனசு புரிந்திருக்க வேண்டும். மெதுவாக மென்றாள்.

"நல்லா இருக்கும்மா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நாளைக்கு அப்பா பருப்புக் கொழம்பு வைக்குமா?" என்று கேட்டாள்.

அவரோ என்னைச் சமாதானப்படுத்துகிறாராம், ஆறு ஆப்பம் சாப்பிட்டார். "பிரமாதம்" என்றார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூவரும் ஓட்டலுக்குப் போவது வழக்கமாகியிருந்தது. சனிக்கிழமை திருநள்ளாற்றுக் கூட்டம் ஊரில் எந்த ஓட்டலிலும் இடம் வைக்காது என்பதால் ஞாயிறு. நான் வந்த பிறகு வந்த முதல் ஞாயிறு, கடைசி மேசைக்கு நேராக நடந்தார்கள். அங்கே நாலு நாற்காலி. நாலாவதில் மகள் பழக்கதோஷத்தில் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு எடுத்தாள்.

"நீ இங்க உக்காரும்மா."

சர்வர் கேட்காமலே மகளுக்கு இடியாப்பமும், மகனுக்கு நெய் ரோஸ்ட்டும், அவருக்குப் பரோட்டாவும் கொண்டுவந்து வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஊர்லேருந்து வந்துட்டீங்களா? ரொம்ப சந்தோசங்க. ஒங்களுக்கு என்ன கொண்டாரட்டும்?" என்றார். என்னை மட்டும்தான் கேட்க வேண்டியிருந்தது.

ரோஸ்ட்டை அவர் கப்பலாக்கினார். இரண்டு பக்கமும் மடக்கி, முனையைக் கிள்ளி நிமிர்த்தி, நடுவில் உருளைக்கிழங்கைப் போட்டால் அது மீன். சட்னி கடல். "அலை வருது, அலை வருது" என்று தட்டை ஆட்டினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரிவதற்குள் சிரிப்பு முடிந்துவிட்டது. நான் தனியாகச் சிரித்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே எண்ணம். அவர் இல்லாமல் நான் மட்டும் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போக வேண்டும். ஐப்பசி மழையில் வாய்ப்பு வந்தது. காற்றில் எங்கோ கம்பி அறுந்துவிட்டதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வேலைக்குக் கூப்பிட்டார்கள். "இன்னிக்கு ஓட்டல் வேணாமே, மழ வர்ற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தெரு முனை திரும்பியதும் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

அதே மேசை. "சார் வரலைங்களா?" என்றார் சர்வர்.

"வரல. நான்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

ரோஸ்ட் வந்தது. "கப்பல்" என்றான் மகன். மடக்கினேன். நடுவில் ஒடிந்தது. ஒடிந்த இரண்டு துண்டையும் சேர்த்து நிறுத்தப் பார்த்தேன். உருளைக்கிழங்கு சரிந்து சட்னியில் விழுந்தது.

"இது கப்பல் இல்ல."

"இதுவும் கப்பல்தான்டா கண்ணு. இது குவைத்துக் கப்பல்."

அவன் தட்டைத் தள்ளினான். தட்டு சாம்பார்க் கிண்ணத்தில் மோத, சாம்பார் மேசையெல்லாம் ஓடி என் புடவையில் கொட்டியது. அவன் வீறிட்டு அழுதான். பக்கத்து மேசைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சர்வர் துணியோடு ஓடிவந்தார். என் மகள் பெரிய மனுஷிபோல அவரிடம் எனக்காகப் பரிந்து பேசினாள்.

"எங்கம்மா புதுசுண்ணே. அதான் அவங்களுக்குத் தெரியல."

சர்வர் என் முகத்தைப் பார்க்காமல் மேசையைத் துடைத்தார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அந்த நேரத்தில் மகன் மேசையை அடித்துக்கொண்டு கத்தினான்: "நீ போ! ஒனக்கு ஒண்ணுமே தெரியல! நீ போ!"

நீ. வந்ததிலிருந்து நான் காத்துக்கிடந்த சொல். அது வசவாக வந்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். அவன் அழுகையை நிறுத்திவிட்டு என்னை வேடிக்கை பார்த்தான். "எனக்குத் தெரியலதான். நீயே செஞ்சுக் குடு" என்று இன்னொரு ரோஸ்ட் வரவழைத்தேன். அவன் அதைக் கந்தலாகக் கிழித்து, "இது ஓட்ட கப்பல்" என்று சொல்லிக்கொண்டே தின்றான். ஒரு துண்டை என் வாயிலும் திணித்தான்.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் அவர் நனைந்துபோய் வந்தார். கொடியில் என் புடவையைப் பார்த்து, "என்னாச்சு?" என்றார். மகள் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். அவர் வாய்க்குள் சிரித்ததைப் பார்த்ததும் எனக்கு அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

"சிரிங்க. என் புள்ளைங்கள எடுத்துக்கிட்டீங்க. என் அடுப்படிய எடுத்துக்கிட்டீங்க. இப்ப நான் இந்த வீட்ல யாரு? சர்வர் என்னக் கேக்குறான், ஒங்களுக்கு என்ன வேணும்னு!"

அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டார். பிள்ளைகளைத் தின்பண்டம் கொடுத்து உள்ளே அனுப்பினார்.

"நான் எடுத்துக்கல" என்றார். "நீ வெச்சுட்டுப் போனத தூக்கிக்கிட்டேன். வேற யாரு தூக்குவா?"

நான் கொடியிலிருந்த புடவையை இழுத்து, போகாத சாம்பார்க் கறையைத் தேய்த்தேன்.

"நீ போன புதுசுல தெனம் ஒரு கொழம்பு வெப்பேன். ஒம் பொண்ணு ஒரு வாய் வெச்சுட்டு, 'அம்மா கொழம்பு மாதிரி இல்ல'ம்பா. அடுத்த நாள் புளியக் கொறச்சுப் பாப்பேன். 'அம்மா கொழம்பு மாதிரி இல்ல.' தேங்கா அரச்சு ஊத்துவேன். அதுக்கும் அதேதான். சொன்னா சிரிப்ப. ஆபீஸ்ல உக்காந்துகிட்டு ஒன் கொழம்ப நெனச்சு வயிறு எரிஞ்சிருக்கேன். நீ அங்க இருக்க. ஒன் கொழம்பு இங்க என்னைய ஜெயிக்குது."

"அப்பறம்?"

"அப்பறம் ஒரு நாள் அவ ஒண்ணும் சொல்லாம சாப்ட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. எனக்கு அவ்ளோ சந்தோஷம். அவ தட்டக் கழுவறப்பதான் தோணுச்சு, அவளுக்கு ஒன் கொழம்பு மறந்துபோச்சுன்னு. அன்னிக்கு எனக்கு சோறு எறங்கல."

நான் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். அவருக்கு இஞ்சி தட்டிப்போட்டு ஒரு டீ போட்டுக் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, "சர்க்கர எங்கதான் வெச்ச?" என்று கேட்டார். காட்டினேன். அவ்வளவுதான் அன்று பேசியது.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. அவர் மீன் நசுக்குவதைப் பார்க்கும்போது என் விரல்கள் இப்போதும் துடிக்கும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் பழகினேன். முள் பார்க்கிற வேலை எனக்கு வந்தது, உருட்டுகிற வேலை அவருக்கு. தை மாதத்தில் உள்ளூரிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். ஷிப்ட் மாறி மாறி வரும். நான் இருந்தால் நான் சமைப்பேன், இல்லாவிட்டால் அவர். மீன் குழம்பு மட்டும் அவருடையது என்று ஆகிவிட்டது. விட்டுக்கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. அவர் வைக்கும்போது பக்கத்தில் நின்று, "மாங்காய இப்பவே போட்டா கொழஞ்சுடும்" என்று எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பேன். அவர் காதில் வாங்கமாட்டார்.

கோடை விடுமுறையில் ஒரு மதியம் நான் பகல் ஷிப்டிலிருந்து சீக்கிரம் வந்தேன். வாசலில் அவரும் அப்போதுதான் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். ஆனால் எங்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. மகள் பக்கத்து வீட்டில் சாவி வாங்கி வந்திருக்கிறாள். உள்ளே பேச்சுக்குரல் கேட்டது.

கூடத்தில் தம்பியை எதிரே உட்கார வைத்து, காலையில் வைத்த குழம்பை ஊற்றிப் பிசைந்து, அவள் ஊட்டிக்கொண்டிருந்தாள். உருண்டை உருண்டையாக இல்லை. கையெல்லாம் வழிந்தது. அவன் சட்டை முழுக்கச் சோறு. ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் அவள் காதோடு ஏதோ சொன்னாள். அவன் கலகலவென்று சிரித்துவிட்டு வாயைத் திறந்தான். என்ன சொல்கிறாள் என்று எங்கள் இருவருக்குமே கேட்கவில்லை.

"நான் ஊட்டட்டுமாடா?" என்று அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"வேணாம் போ."

"நான்?" என்றேன்.

"நீயும் போ. அக்காதான்."

அவர் என்னைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"போச்சு" என்றார் தணிந்த குரலில். "ரெண்டு பேருக்குமே வேல போச்சு."

மகள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வாய்க்கு மீன் துண்டை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, முள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.