பிள்ளை பிடிப்பவர் வேஷம்

முதலில் தண்ணீர்தான் கேட்பார் பழனியாண்டி. செம்பை வாங்கி நிதானமாகக் குடித்துவிட்டு, "ஒங்க வீட்டுத் தண்ணி என்னமா இனிக்குது!" என்பார். பிறகு பிள்ளையின் பெயரை விசாரிப்பார். கொழும்பில் பெரிய பங்களா, மூன்று வேளைச் சோறு, தீபாவளிக்குப் பட்டுப்பாவாடை என்று அள்ளி விடுவதெல்லாம் அதற்கப்புறம்.

அத்தனையும் நாடகம்தான். வேலை வாங்கித் தருவதாகப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் விற்றுவிடும் தரகர்களிடம் ஏமாறாதீர்கள் என்று அரசாங்கம் தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போட்டுக் காட்டுகிற பிரசார நாடகம். பழனியாண்டிதான் தரகர். மற்ற நாட்களில் பூண்டுலோயாப் பக்கம் தேயிலைச் செடிகளின் கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர். மாசி பிறந்தால் காமன் கூத்தில் ரதியாக ஆடிச் சனங்களை அழவைப்பார். ரதிக்காக மழித்த மீசையை அப்புறம் வளர்க்கவே இல்லை.

நாடகத்தை எழுதிய உத்தியோகத்தர் துரைராசா யாழ்ப்பாணத்துக்காரர். தரகருக்கு முறுக்கு மீசையும் இடிச்சிரிப்பும் வைத்திருந்தார். பழனியாண்டி இரண்டையும் ஒதுக்கிவிட்டார்.

"அப்புடி வந்தா நாய்கூட வெரட்டிப்புடும்ங்க. அவன் நல்லவனாத்தான் வருவான்."

"உமக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்று துரைராசா எத்தனையோ தடவை துருவிப் பார்த்துவிட்டார். "கூத்தாடிக்குத் தெரியாததாங்க?" என்று கண்ணடித்துவிட்டு நழுவிவிடுவார் மனிதர். பொல்லாத ஆள்!

ஒரு ஞாயிறு, கந்தப்பளைத் தோட்டமொன்றில் நாடகம். கடைசிக் காட்சியில் தரகரைப் பொலிஸ் பிடித்தது, சனம் கைதட்டிக் கலைந்தது. சாமான்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தபோது மீனம்மா என்றொரு விதவை மகள் வேலாயியை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். சிறுமியின் கக்கத்தில் துணிமூட்டை.

"அண்ணே, நாடகத்துல வந்தவன் கெட்டவன், சரி. ஒங்களைப் பாத்தா நல்லவங்களாத் தெரியுது. நீங்க சொன்ன கொழும்பு பங்களாவுல இவளைச் சேத்துவிடுங்க. இங்க கஞ்சிக்கே வழியில்ல."

துரைராசாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தொண்டை கிழியக் கத்தியதற்கு இதுவா பலன்?

பழனியாண்டியின் முகத்திலிருந்த குறும்பெல்லாம் வடிந்துபோயிற்று.

"தங்கச்சி, பங்களாவும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நான் பேசுனதெல்லாம் நான் குடியிருக்கிற லயத்து வாசல்ல ஒருத்தன் வந்து பேசுனது. தண்ணியும் குடுத்து, மகளையும் அனுப்பிவச்சேன். ஒம்பது வருசமாச்சு. இருக்காளா இல்லையான்னே தெரியல."

மீனம்மா மகளை வெடுக்கென்று தன்னோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். மூட்டை கீழே விழுந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

தான் துருவித் துருவிக் கேட்டதன் விடை இதுவா என்று துரைராசாவுக்கு வெட்கமாகவும் வேதனையாகவும் இருந்தது. அவசரமாகக் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்.

"பிள்ளையின்ர பேரைச் சொல்லும். நான் தேடிப் பாக்கிறன்."

"நாகலெட்சுமிங்க."

"வயசு?"

"தை பொறந்தா பதினெட்டு முடியுதுங்க."

"என்ன உயரம் இருப்பா?"

பழனியாண்டி கையை நீட்டினார். உள்ளங்கையைக் கவிழ்த்து, தன் இடுப்புக்குச் சற்று மேலே நிறுத்திக் காட்டினார்.