புது பிஸ்டன் லாரியும் இலுப்பூர் பஸ்ஸும்

லாரி எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன் போட்டிருந்தோம். மெட்ராஸுக்கு லோடு ஏற்றி விடுவதற்கு முன்னால் காலி வண்டியாக மெதுவாக ஓட்டி அதைப் பழக்க வேண்டும். அவசரப்பட்டு மிதித்தால் உள்ளே சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எஞ்சின் போச்சு. வேகம் காட்டும் முள் இருபத்தைந்து மைலைத் தாண்டக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. பின்னால், புது எஞ்சின் பழகுகிறது என்று காட்ட, 'ரன்னிங் இன்' என்று ஒரு பலகை வேறு. சைக்கிளில் போகிறவன்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். காலி வண்டிக்கு ஆள் எதற்கு என்று கிளீனரையும் நிறுத்திவிட்டார்கள். புதுக்கோட்டைக்கும் இலுப்பூருக்குமாகத் தனியாகப் போய்வந்துகொண்டிருந்தேன். பேச ஆளில்லாமல் வாய் உலர்ந்துபோகும்.

வீட்டிலும் பேச்சில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்தான். பாதி நாள் ரோட்டில், மீதி நாள் பட்டறையில் கிடந்தேன். "எங்க ஆத்தா வீட்டுக்கே போறேன்" என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். சும்மா சொல்கிறாள் என்று இருந்துவிட்டேன்.

ஒரு நாள் சித்தன்னவாசல் பிரிவைத் தாண்டியதும் இலுப்பூர் பஸ் என்னை முந்தியது. ஜன்னலோரம் அவள், மடியில் டிரங்குப் பெட்டி. என்னைப் பார்த்துவிட்டாள். ஹார்ன் அடித்தேன். சிநேகத்துக்கு அடிக்கிறேன் என்று நினைத்துக் கண்டக்டர் கையை ஆட்டினார். ஓங்கி மிதித்தேன். பஸ்ஸை நெருங்கிவிட்டேன், அவளும் தலையை நீட்டிப் பார்த்தாள். அதற்குள் எஞ்சின் சத்தம் இறுகிக் கம்மியது. காலை எடுத்துவிட்டேன். திருப்பம் வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டே போனாள்.

இலுப்பூரில் அவள் ஆத்தா வீட்டு முன்னால் நிறுத்தினேன். ஓடிவந்த எஞ்சினைச் சட்டென்று அணைக்கக் கூடாது, கொஞ்சம் ஆறவிட வேண்டும். ஓடவிட்டபடியே இறங்கினேன். கதவருகே நின்றிருந்தாள்.

"எனக்காகத் தொரத்திட்டு வாரீங்கன்னு நெனச்சேன். பாதியிலயே விட்டுட்டீங்க."

"மிதிச்சா பிஸ்டன் பிடிச்சுக்கும்."

"அதுக்கு என்ன ஆகும்னு மட்டும் ஒங்களுக்கு நல்லாத் தெரியுது." அவள் லாரியைப் பார்த்தாள். "இங்கிட்டு வந்தும் அணைக்காமத்தானே எறங்கியிருக்கீங்க. கெளம்புங்க."

நான் வாயெடுப்பதற்குள் உள்ளே போய்விட்டாள். பிறகு எத்தனையோ முறை போய்க் கூப்பிட்டும் அவள் வரவில்லை.

காலை எடுத்தது சரிதான் என்று இன்றும் சொல்வேன். அந்த எஞ்சின் பல வருஷம் பிரிக்காமல் மெட்ராஸுக்கு ஓடியது. எல்லோரும் என் கையைப் புகழ்ந்தார்கள். லோடு இறக்கிவிட்டு வந்து ஷெட்டில் நிறுத்தினால், எஞ்சின் ஆறிய பிறகும் அணைக்காமல் உட்கார்ந்திருப்பேன். அணைத்தால் வீட்டுக்குப் போக வேண்டும்.