ஈசானிய மூலையில் ஒரு கடல்

முனிரத்தினத்துக்குக் கைராசி கிடையாது என்பது செவிலிமேட்டில் அவர் குடியிருக்கும் தெருவுக்கே தெரிந்த விஷயம். ஏசி மெஷினைச் சொல்லவில்லை. அதில் அவரை அடித்துக்கொள்ள காஞ்சிபுரத்தில் ஆள் கிடையாது. ஆனால் உயிருள்ளது எதைத் தொட்டாலும் விளங்காது. புறா வளர்த்தார், பூனை வந்தது. லவ்பேர்ட்ஸ் வளர்த்தார், ஒரு மழைக்காலத்துச் சளியில் ஜோடியாகப் போய்ச் சேர்ந்தன. காளான் போடுகிறேன் என்று கட்டிலுக்கடியில் வைக்கோலை நனைத்து வைத்தார், காளானைத் தவிர மற்ற எல்லாம் முளைத்தது. ஒவ்வொரு தடவையும் கொல்லைப்பக்கம் குழி தோண்டி மூடியது அவர் மனைவி தேவகிதான்.

திருப்புட்குழியில் கூலி வேலைக்குப் போன குடும்பத்தில் பிறந்தவர். ஐடிஐயில் குளிர்சாதனம் படித்துவிட்டு, ஒரகடம் பக்கத்து கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, பிறகு ஒரு டூவீலரும் ஒரு கருவிப் பையுமாகச் சொந்தத் தொழிலில் இறங்கினார். இப்போது வயது நாற்பத்தெட்டு. ஒரே மகள் நதியா ஓசூரில் வேலைக்குப் போய்விட்டாள். தேவகிக்குப் பட்டுக்கடையில் புடவை எடுத்துப் போடுகிற வேலை. காலை பத்து மணி முதல் இரவு எட்டு வரைக்கும் பேசுகிற வேலை. வீட்டுக்கு வந்தால் "வாய் தேஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டுச் சோறு போடுவாள், அவ்வளவுதான். மகள் இருந்தவரை அவளோடாவது நாலு வார்த்தை ஓடும். இப்போது அதுவும் இல்லை. குக்கர் விசில்தான் அந்த வீட்டில் அதிகம் பேசியது. முனிரத்தினம் வெளியில் சொல்லமாட்டார், ஆனால் அது அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

போன ஐப்பசியில் சென்னையில் ஒரு வீட்டுக்கு ஏசி பார்க்கப் போனவர், ஹாலில் இருந்த கண்ணாடித் தொட்டி முன்னால் ஸ்குரூ டிரைவரும் கையுமாக நின்றுவிட்டார். மீனை விடுங்கள், மீன் எங்கேயும்தான் இருக்கிறது. கல் என்று அவர் நினைத்தது பூத்திருந்தது. பவளமாம். உயிராம். கடலுக்கடியில் இருப்பதை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், ரீஃப் டேங்க் என்று பெயராம். "ஏசி மேல இருக்குதுங்க" என்று அந்த வீட்டம்மா இரண்டு தடவை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

அன்றைக்குப் பிடித்த பித்து மார்கழி வரைக்கும் இறங்கவில்லை. கடைசியில் தேவகியிடம் வாயைத் திறந்தார்.

"எங்க வைப்பீங்க?" என்றாள்.

"ஹால்ல, ஈசானிய மூலைல. வாஸ்துப்படி அங்க தண்ணி இருந்தா நல்லதாம்மா."

"அங்க பூஜை அலமாரி வரணும்னு நான் சொல்லி ரெண்டு வருஷம் ஆவுது."

முனிரத்தினம் தரையைப் பார்த்தார். தேவகி விரலை மடக்கினாள். "புறா எட்டு. லவ்பேர்ட்ஸ் ரெண்டு. எல்லாத்தையும் என் கையாலதான் பொதச்சேன். சரி, வெச்சிக்கோங்க. ஆனா ஒரு உயிரு போச்சுன்னா, அன்னியோட டேங்க் வெளில, அலமாரி உள்ள. இப்பவே சொல்லிட்டேன். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூட பாக்க மாட்டேன்."

பல மாதங்களில் அவள் ஒரே மூச்சில் பேசிய பெரிய பேச்சு அதுதான். முனிரத்தினம் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

பொங்கல் கழித்து வேலை தொடங்கியது. கொளத்தூரில் கடல் மீன் கடை வைத்திருக்கும் பாலாஜி என்கிற இளைஞன்தான் போனில் வழிகாட்டி. மாமல்லபுரம் போய் பத்து கேனில் கடல் தண்ணீரையே கொண்டுவந்துவிடலாமே என்று இவர் கேட்டதற்கு, "வேணாம் சார், கரையோரத் தண்ணில இன்னா இன்னா கலந்திருக்குதோ" என்று தடுத்துவிட்டான். ஆர்.ஓ. தண்ணீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்து, கருவி வைத்து உப்பு பார்த்து, மணலைப் பரப்பி, கல்லை அடுக்கி, நூறு லிட்டர் கடல் தயாரானது. உடனே மீன் விட முடியாது. மீன் கழிவின் விஷத்தைத் தின்கிற, கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் முதலில் கல்லில் குடியேற வேண்டும். அதற்கு ஆறு வாரம். ஆறு வாரமும் அந்த மூலையில் வெறும் கல், வெறும் தண்ணீர், மேலே நீல விளக்கு. பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ள அத்திவரதர் மாதிரி யாருனா இருக்காங்களா? நாப்பது வருஷம் கழிச்சுதான் தரிசனமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். முனிரத்தினம் அசரவில்லை.

மாசிக் கடைசியில் குடித்தனக்காரர்கள் வந்தார்கள். கோமாளி மீன் ஒரு ஜோடி, பாசி மேய நாலு நத்தை, சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு போட்ட ஓர் இறால், உள்ளங்கையளவு கல்லில் ஒட்டிய பொத்தான் பவளம். திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன் என்றவள், துடைப்பத்தோடு அந்தப் பக்கம் போகும்போது ஒரு நிமிஷம் நின்றாள். "ஆரஞ்சு ஒடம்பு, வெள்ளப் பட்டை, ஓரத்துல கறுப்புக் கம்பி" என்று புடவை பார்க்கிற கண்ணோடு சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

இரண்டாம் வாரமே ஒரு கலவரம். காலையில் மணல்மேல் இறால் அசையாமல் கிடந்தது. தேவகிதான் முதலில் பார்த்தாள். "போச்சா?" என்றாள், முகம் சுண்டிப்போய். முனிரத்தினம் வலையை விட்டால், கல்லுக்குப் பின்னாலிருந்து நிஜ இறால் மீசையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தது. கிடந்தது வெறும் கூடு. பாம்பு மாதிரி அதுவும் சட்டை உரிக்குமாம். "சட்டையக் கழட்டிப் போட்டுட்டு வேடிக்க பாக்குது பார்" என்றாள் தேவகி. முறைத்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் சொன்னாள்.

சித்திரை வந்தது. வெயில் காஞ்சிபுரத்தை வறுத்தது. தண்ணீரைக் குளிரவைக்கிற பழைய சில்லர் ஒன்றை வாங்கித் தானே பிரித்துச் சரிசெய்து மாட்டியதால் தண்ணீர் சூடாகவில்லை. ஆனால் தினமும் ஒரு விரற்கடை குறைந்தது. ஆவியாவது தண்ணீர்தான், உப்பு தங்கிவிடும். அதனால் குறைந்த அளவுக்கு உப்புப் போடாத நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். பாலாஜி சொன்ன இதை அவர் தேவகியிடம் பெருமையாக ஒப்பித்தார். அவள் "உம்" என்றாள். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தினமும் சாயங்காலம் கோடு வரைக்கும் ஊற்றினார். பிறகு அக்ரிலிக்கில் ஒரு மூடியும் செய்து போட்டார்.

மூடி போட்ட வாரத்திலிருந்து தண்ணீர் குறையவே இல்லை. ஏசி சீசன், காலை ஏழு மணிக்குப் போனால் இருட்டின பிறகுதான் வருவார். வந்து பார்த்தால் தண்ணீர் கோட்டிலேயே நிற்கும். "ஒரு சொட்டு எறங்கலப்பா" என்று பாலாஜிக்குப் போன் போட்டுச் சொன்னார்.

"ஒரு சொட்டு கூடவா? ஆச்சரியமா இருக்குதே சார்" என்றான் பாலாஜி. முனிரத்தினம் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டார். பாவம்.

மூடி போட்ட மூன்றாவது வாரம் ஒரு நத்தை கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்தது. எடுத்து முகர்ந்தார். செத்துவிட்டது. நத்தை உயிர்க் கணக்கில் வருமா வராதா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். நாலு நாளில் இன்னொன்று. பவளம் பூவை மூடிக்கொண்டது. இறால் சோறு போட்டாலும் வரவில்லை. மீன் இரண்டும் மட்டும் ஒன்றும் நடக்காதது மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன.

"மீன் நல்லா இருக்குது, மத்தது சாவுதுன்னா செம்பு கலந்திருக்கும் சார்" என்றான் பாலாஜி. "மீன் தாங்கும். நத்தை, இறாலுக்குக் கொஞ்சம் பட்டாலும் விஷம். சில்லர் உள்ள காப்பர் காயிலா?"

"டைட்டானியம்பா. நானே பிரிச்சிப் பாத்தேனே."

போனை வைத்துவிட்டு முனிரத்தினம் தன் கையைப் பார்த்தார். விடிந்தால் போதும், செப்புக் குழாயை அறுத்து, வளைத்து, பற்றவைக்கிற கை. முகர்ந்து பார்த்தால் சோப்பையும் மீறிச் செம்பு வாசம். இந்தக் கையைத்தான் தினமும் தொட்டிக்குள் விட்டுக்கொண்டிருந்தார். சோதனை மருந்து வாங்கிச் சொட்டு விட்டுப் பார்த்தார். செம்பு இருந்தது. தெரு சொன்னது சரிதான், தன் கை விளங்காத கைதான் என்று உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து உறை போடாமல் தண்ணீரைத் தொடவில்லை. கால் பங்குத் தண்ணீரையும் மாற்றினார். பத்து நாள் கழித்துப் பார்த்தால் செம்பு குறையவில்லை, ஏறியிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாதி வழியில்தான் கேஸ் அளக்கும் கேஜை மறந்தது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்தார். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பேச்சுக் குரல். மகள் வந்துவிட்டாளோ என்று எட்டிப் பார்த்தார்.

தேவகி தொட்டி மூடியை நகர்த்தி வைத்துவிட்டு, சொம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இடுப்பில் செம்புக் குடம். அவள் தாய்வீட்டுச் சீர் அது. ராத்திரி நல்ல தண்ணீரைப் பிடித்து வைத்துக் காலையில் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று வீட்டில் எல்லோருக்கும் அதிலிருந்துதான் கொடுப்பாள். வெள்ளிக்குவெள்ளி புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பாள். வீட்டில் இருப்பதிலேயே நல்ல தண்ணீரை அதுகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள், சரியாக மார்க்கர் கோடு வரைக்கும்.

ஊற்றிக்கொண்டே பேசினாள். "நேத்து ஒருத்தி வந்தா. செங்கல்பட்டுப் பக்கமாம், பொண்ணுக்குக் கல்யாணமாம். எழுவது பொடவ பிரிச்சிப் போட்டுட்டேன். அரக்கு காட்டினா பச்ச இல்லியான்றா, பச்சயக் காட்டினா பொண்ணு கறுப்பாத் தெரிவான்றா. கடசில இன்னா பண்ணா தெரியுமா..."

மீன் இரண்டும் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தன. முனிரத்தினத்தின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. சத்தமில்லாமல் பின்வாங்கி, வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனார். கேஜை எடுக்கவே இல்லை. எத்தனை நாளாச்சு அந்தக் குரலைக் கேட்டு என்று நினைத்தார், கண் கலங்கிவிட்டது. அதே நிமிஷத்தில் அந்தக் குடமும் நினைவுக்கு வந்தது. எப்படிச் சொல்வது? நீ ஊற்றின தண்ணீர்தான் கொன்றது என்று எந்த வாயால் சொல்வது?

யோசிக்க அவகாசம் கிடைக்கவில்லை. ராத்திரி அவர் வந்தபோது தேவகி அவருக்கு முன்னாலேயே வந்து, கைப்பையைத் தோளிலிருந்து கழற்றாமலே தொட்டி முன்னால் நின்றிருந்தாள். மணலில் இறால் கிடந்தது.

"சட்டதான கழட்டியிருக்குது?" என்றாள்.

தெரிந்தும் அவர் டார்ச் அடித்து ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலும் பார்த்தார். "இல்லம்மா."

"நல்லா பாருங்க."

மறுபடி பார்த்தார். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு, "என் கைதான் தேவகி. நாள் பூரா காப்பர் பைப்பப் புடிக்கிற கை. இதுங்களுக்கு செம்பு ஆவாது, துளி பட்டாலும் விஷமாம். எனக்கு இப்பதான் தெரிஞ்சுது" என்றார். "சொன்ன பேச்சு மாற மாட்டேன். ஞாயித்துக்கெழம எடுத்துடறேன்."

செம்பு என்ற வார்த்தை வந்தபோது தேவகியின் கண் சமையலறைப் பக்கம் போய் வந்ததை அவர் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்துவிட்டார். மறுநாளிலிருந்து தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்க ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பக்கெட்டையும் குழாயையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மீனையும் பவளத்தையும் பாலாஜி திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விடப்போனபோது, பக்கத்தில் ணங்கென்று சத்தம். தேவகி செம்புக் குடத்தைத் தரையில் வைத்திருந்தாள்.

"உங்க கை இல்ல. இதான்" என்றாள். "நதியாகிட்ட கேட்டேன். போன்ல படிச்சிச் சொன்னா. ஒரு மாசமா நான்தான் ஊத்திக்கினு இருந்தேன்."

"தெரியும்மா."

"எப்பத்திலருந்து?"

"செவ்வாக்கெழம. கேஜு எடுக்க வந்தேன்."

தேவகி அவரையே பார்த்தாள். "பாத்துட்டு எதுக்கு உங்க மேல போட்டுக்கினீங்க?"

முனிரத்தினம் குழாயை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். "நீ அதுங்ககிட்ட பேசிக்கினு இருந்தே. உன்னாலதான் செத்துச்சுன்னு சொன்னா, அதுங்ககிட்டயும் பேச மாட்டே. வூட்டுல உன் கொரல கேட்டே எத்தினி நாளாச்சு தேவகி."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வையா வேறா என்று அவர் கேட்கவில்லை. பிறகு, "அந்தப் பையனுக்குப் போன் போட்டுக் கேளுங்க, இன்னா செய்யணும்னு" என்றாள்.

கேட்டார். வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை மாற்ற வேண்டும், செம்பை உறிஞ்சுகிற பை ஒன்று தொங்கவிட வேண்டும், அப்படியும் குறையாவிட்டால் கல்லை மாற்ற வேண்டும், மூன்று மாதத்துக்கு இறால் பக்கம் போகக்கூடாது. மீனுக்குப் பயமில்லை, மூடின பவளம் பிழைத்தாலும் பிழைக்கும் என்றான். தேவகி ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குடத்தைத் தூக்கிப் பரண்மேல் வைத்தாள். அதன் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கேன் வந்தது.

"அப்ப அலமாரி?" என்று இழுத்தார் முனிரத்தினம்.

"மேற்குச் செவுரு காலியாத்தான கெடக்குது. சாமி ஒன்னும் கோச்சிக்காது."

அவர் குழாயைச் சுருட்டத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டு, "ஆமா, அந்தப் பொம்பள கடசில இன்னா பண்ணா?" என்றார்.

"எந்தப் பொம்பள?"

"எழுவது பொடவ பிரிக்க வெச்சவ. செவ்வாக்கெழமலருந்து அதே ரோசனையா இருக்குது."

தேவகி சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "அத ஏன் கேக்கறீங்க. மொதல்ல அந்தக் குழாயக் கீழ வெச்சிட்டு உக்காருங்க, சொல்றேன்."

முனிரத்தினம் குழாயைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.