பாதி சீல் ஆன வழக்கு

காலை ஒன்பது இருபது

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி இருபது நிமிடத்துக்கு என் போன் அடித்தது. நேரம் நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. அதற்கு ஒரு விநாடி முன்புதான் தெருவில் மின்சாரம் போய், கம்ப்யூட்டர் அணைந்து, எரிச்சலோடு சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

அழைத்தது என் மகன். அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே அப்போது திங்கள் இரவு.

"அம்மா, வேலை போச்சும்மா."

"எந்த வேலைடா? இன்னும் சேரவே இல்லையே?"

"சேர்றதுக்கு முன்னாடியே போச்சு. பேக்ரவுண்ட் செக்ல அந்தப் பழைய கேஸ் வந்திருக்கு."

"அது சீல் ஆயிடும்னு சொன்னியேடா!"

"ஆகணும்மா. யாரும் கேக்காமலே ஆகணும். அதான் சட்டம். ஆனா இவங்க அனுப்பின பேப்பர்ல இருக்கு. கேஸ் இன்னும் முடியலைன்னு வேற இருக்கு."

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி அது. இரண்டு வருடம் இரவு வகுப்புக்குப் போய் அந்த வேலைக்குப் படித்தவன். வெள்ளிக்கிழமை அவர்கள் அலுவலகம் மூடுவதற்குள் இதற்கு விளக்கம் வராவிட்டால் அடுத்த ஆளை எடுத்துக்கொள்வார்களாம்.

நான் வேலை செய்வது பர்மாவில், பபேடான் வட்டாரத்தில் ஒரு வக்கீலின் மாடி ஆபீஸில். வெளிநாடு போகிறவர்களின் பிறப்புச் சான்று, குடும்பப் பட்டியல், போலீஸ் கிளியரன்ஸ் எல்லாவற்றையும் பர்மியிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றி, நோட்டரி முத்திரை போட்டுக் கொடுப்போம். பிள்ளை பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ தாய்மார்கள் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். தண்ணீர் கொடுத்து, "கவலைப்படாதீங்க, பேப்பர்தானே" என்று சொல்லியிருக்கிறேன். அன்று எனக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது.

யாருக்குப் பொருந்தும்

என் முதலாளி டோ கமலா. 'டோ' என்பது பர்மியர் வயதில் மூத்த பெண்களுக்குக் கொடுக்கும் மரியாதை. எங்கள் ஊரில் தமிழ்ப் பெயருக்கும் அது ஒட்டிக்கொள்ளும். பழைய கேஸ் தானாக மறையுமா என்று யாராவது கேட்டால் அவர் ஒரே பதில்தான் சொல்வார்: "இந்த ஊர்ல தானா நடக்கிறது கரண்ட் போறது மட்டும்தான்."

இங்கே அப்படி ஒரு வழி இருப்பதாக நான் அறிந்ததில்லை. மகன் இருக்கும் மாநிலத்தில் இருக்கிறது. எங்கள் ஆபீஸில் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் இதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாருக்கும் பொருந்துவதில்லை. குற்றம் சிறியதாக இருக்க வேண்டும். அபராதம், தண்டனை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். சட்டம் சொல்லும் வருடங்கள் கழியும்வரை வேறு வழக்கில் மாட்டக்கூடாது. அடிதடியில் காயம், பாலியல் குற்றம் போன்றவற்றுக்குக் கிடையாது. இவ்வளவும் சரியாக இருந்தால் யாரும் மனுப் போட வேண்டாம். கோர்ட்டின் கம்ப்யூட்டரே தேடிப் பார்த்து சீல் வைத்துவிடும். சீல் என்றால் கிழித்துப் போடுவதில்லை. போலீசும் கோர்ட்டும் குடியேற்ற அதிகாரிகளும் பார்க்கலாம். சாதாரண முதலாளி பார்க்க முடியாது. இது அந்த மாநிலத்து விதி. பக்கத்து மாநிலத்தில் வேறு மாதிரி இருக்கும்.

மகனுக்கு எல்லாம் பொருந்தியது. பத்தொன்பது வயதில், அவன் பார்த்த முதல் குளிர்காலத்தில், ஒரு கடையில் ஜாக்கெட் போட்டுப் பார்த்தவன் அப்படியே வெளியே நடந்துவிட்டான். மறந்து போட்டுக்கொண்டு போனேன் என்று சொல்லவில்லை. எடுத்தேன் என்றே ஒப்புக்கொண்டான். அபராதம் கட்டினான், தண்டனையாகப் பூங்காவில் இலை கூட்டினான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"எஸ்தர், எல்லாம் சரியா இருக்குன்னா கேஸ் ஏன் வெளிய வருது?" என்று என்னைக் கேட்டார் டோ கமலா.

"தெரியலைங்க."

"அப்ப முதல்ல அதைக் கண்டுபிடி. அழுறதுக்கு சாயங்காலம் இருக்கு."

இரண்டு ஆள்

புதன்கிழமை காலை பதில் வந்தது. மகன் அங்கே உதவி கேட்ட, ஏழைகளுக்கு இலவசமாக வழக்கு நடத்தும் ஒரு பெண் வக்கீல் தேடிப் பார்த்துச் சொல்லியிருந்தார்.

இங்கே வாழும் எங்கள் தமிழ் ஆட்களில் பலருக்கு இரண்டு பெயர். மாதா கோயிலிலும் வீட்டிலும் ஒன்று, பள்ளியிலும் அடையாள அட்டையிலும் பர்மியப் பெயர் ஒன்று. என் மகன் ஞானஸ்நானத்தில் பீட்டர் அந்தோணி. பாஸ்போர்ட்டில் ஜோ மின். நானே கோயிலில் எஸ்தர், வார்டு ஆபீஸில் வேறு. இதில் ஒளிவு மறைவு எதுவும் கிடையாது. யார் கேட்கிறார்கள் என்று பார்த்து, வாய் தானாகச் சொல்லிவிடும்.

கடை வாசலில் அவனைப் பிடித்தபோது கையில் எந்த அட்டையும் இல்லை. பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். பயத்தில், வீட்டில் கூப்பிடும் பெயர் வந்திருக்கிறது. பீட்டர் அந்தோணி என்று போலீஸ் சீட்டு எழுத, வழக்கு அந்தப் பெயரில் கோர்ட்டுக்குப் போனது. அடுத்த வாரம் கைரேகை கொடுக்க ஸ்டேஷனுக்குப் போனபோது பாஸ்போர்ட்டைக் காட்டினான். போலீஸ் பதிவில் ஜோ மின் ஏறினான்.

வருடங்கள் கழிந்ததும் கம்ப்யூட்டர் தன் வேலையைச் செய்தது. பீட்டரின் வழக்கு முடிந்திருந்தது, சீல் வைத்தது. ஜோ மின்னுக்கு என்ன தீர்ப்பு என்று தேடியது; அப்படி ஒருவன் கோர்ட்டுக்கே வரவில்லை. விட்டுவிட்டது.

ஆகவே, அபராதம் கட்டி முடித்தான் என்று சொல்லும் பாதி மறைந்துவிட்டது. பிடிபட்டான் என்று சொல்லும் பாதி திறந்து கிடந்தது. அன்று மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தேன். சாப்பிட்டேனா என்று தெரியாது.

அமெரிக்க வக்கீல் வழி ஒன்று சொன்னார். பீட்டரும் ஜோ மின்னும் ஒரே ஆள் என்று, சிறு வயதிலிருந்தே இரண்டு பெயரிலும் அவனை அறிந்த ஒருவர் நோட்டரி முன்னால் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். அந்த அஃபிடவிட் கையில் இருந்தால் அவர் கோர்ட்டில் மனுப் போட்டுவிட்டு, கம்பெனிக்கும் விளக்கம் எழுதிவிடுவார். சாட்சி உறவாக இருக்கக்கூடாது. என்னோடு வேலை செய்பவராகவும் இருக்கக்கூடாது.

"ஒருத்தர்தானே," என்றார் என் கணவர், ஊரின் வடகோடியில் உள்ள மிங்கலாடோனில் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே. "ஊரே சொல்லும்."

ஊர் சொல்லவில்லை. கோயில் பாடகர் குழுவை நடத்துபவரிடம் போனேன். "ஜோ மின்னா? அது யாரும்மா? நம்ம பீட்டரை எனக்குத் தெரியும். தெரியாத பேருக்கு பைபிள்மேல கை வைக்கச் சொல்றியா?" அவர் சொன்னதில் தப்பில்லை. பள்ளி ஆசிரியைக்குப் பீட்டர் யாரென்று தெரியவில்லை. இரண்டையும் அறிந்த அவன் கூட்டாளிகள் எல்லாரும் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். தாய்லாந்தில் ஒருவனைப் பிடித்தேன். "ஆன்ட்டி, என் பேப்பரே இங்க சரியில்ல. அமெரிக்கக் கோர்ட்டுக்கு என் பேரா?" என்று போனை வைத்துவிட்டான்.

கீழ்வீட்டுத் தேநீர்க் கடை

மிச்சம் இருந்தவர் ஒருவர்தான். லான்மடா வட்டாரத்தில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே தேநீர்க் கடை வைத்திருக்கும் ஊ தெய்ன் ஆங். பெண்களுக்கு 'டோ' போல ஆண்களுக்கு 'ஊ'. அவர் எங்களோடு பேசிப் பல வருடம் ஆகிறது.

காரணம் என் மகன்தான். பத்து வயதில் பிரம்புப் பந்தை உதைத்து அவர் கடைக் கண்ணாடி அலமாரியை உடைத்தான். "ஜோ மின் எங்கே?" என்று அவர் மாடியேறி வந்தபோது, ஞாயிறு வெள்ளைச் சட்டையோடு கதவைத் திறந்த இவன், "அண்ணன் இல்லைங்க. நான் பீட்டர், தம்பி" என்றிருக்கிறான். அவரும் நம்பிவிட்டார். ஏறக்குறைய ஒரு வருடம், ஜோ மின்னைத் துரத்துவதும் பீட்டருக்கு இனிப்பு ரொட்டி கொடுத்து, "உன் அண்ணனைத் திருத்துப்பா" என்று கெஞ்சுவதுமாக இருந்தார். கடைசியில் கடையில் எல்லார் முன்னாலும் குட்டு உடைந்தது. தெரு முழுக்கச் சிரித்தது; ஆனால் சிரித்தவர்களுக்குக் கதை மட்டும்தான் தெரியும், இரண்டு பெயரிலும் அவனோடு பழகியவர் இவர்தான். ரொம்ப நாள் வரை, டீ கேட்டவர்கள் "அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று" என்று கேட்டார்கள். அன்றோடு எங்கள் குடும்பத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாங்கள் போய் மன்னிப்புக் கேட்டபோதும் திரும்பவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் போய் நின்றேன். அவர் பாலையும் டிகாஷனையும் உயரத்தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியது பர்மியில்.

"ஊலே," என்றேன். மாமா என்று அர்த்தம். "ஒரு உதவி."

அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஜாக்கெட்டைச் சொன்னேன், சீட்டைச் சொன்னேன், வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். சீல் என்றால் என்ன என்று அவருக்குப் புரியும்படி சொல்ல இரண்டு தடவை முயன்றேன்.

"களவாணி ஆயிட்டானா," என்றார், என்னைப் பார்க்காமல்.

"பத்தொன்பது வயசுல, ஒரு தடவை. இப்ப இல்ல."

"இங்க அவன் பேரைச் சொன்னா இன்னிக்கும் சிரிக்கிறாங்க. என்னைப் பார்த்து."

"தெரியும், ஊலே. நாளைக்கு மூணு மணிக்கு பபேடான் ஆபீஸ்ல இருப்பேன்."

அடுத்த மேசைக்குக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று அலமாரி இருந்த மூலையில் இப்போது மரப்பலகைதான் இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் கண்ணாடி போடவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

வெள்ளிக்கிழமை

அஃபிடவிட்டை நானே டைப் செய்தேன். என் வாழ்க்கையில் அடித்த ஆயிரம் அஃபிடவிட்டுகளில் இந்த ஒன்றில்தான் விரல் தப்பிக்கொண்டே இருந்தது. சாட்சியின் பெயர் வரும் இடத்தைக் காலியாக விட்டேன்.

மூன்று மணிக்கு யாரும் வரவில்லை. மூன்றரைக்குக் கரண்ட் போனது. டோ கமலா ஜெனரேட்டரைப் போடச் சொல்லிவிட்டு, "வருவாரா அவரு?" என்றார்.

"என்கிட்ட ஒண்ணும் சொல்லலைங்க."

"வரமாட்டேன்னு சொன்னாரா?"

"அதுவும் சொல்லலை."

"அப்ப உக்காரு. ஏன் வாசலுக்கும் மேசைக்கும் நடக்கிற? எனக்குத் தலை சுத்துது."

உட்கார முடியவில்லை. தானாக நடந்துவிடும் என்று யார் சொன்னாலும் இனி நம்பமாட்டேன் என்று அந்த ஜன்னலருகில் நின்றபோது நினைத்துக்கொண்டேன். அதை இந்த மேசைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் இப்போது சொல்கிறேன். தகுதி இருந்தால் போதாது. சீல் ஆனதா என்று வேலைக்கு மனுப் போடுவதற்கு முன்பே கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்தெந்தப் பெயரில் எழுதினார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகள் வெளிநாடு போகும்போது, யார் கேட்டாலும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரையே சொல்லச் சொல்லுங்கள். கம்ப்யூட்டருக்கு நம்மைத் தெரியாது. நம்மைத் தெரிந்த ஒரு மனிதர் வந்து நின்றால்தான் அதற்குத் தெரியும்.

டோ கமலா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டும்போது படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. மெதுவான சத்தம். ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்கி வந்தது.

ஊ தெய்ன் ஆங் வாசலில் நின்றார். கடையில் எப்போதும் பனியனோடு நிற்பவர், அன்று இஸ்திரி போட்ட லுங்கியும், கல்யாணத்துக்குப் போகும்போது பர்மியர் போடும் தைபோன் மேல்சட்டையும் அணிந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராக டோ கமலாவின் மேசைக்குப் போய், அடையாள அட்டையை எடுத்து வைத்தார்.

டோ கமலா பையை இறக்கிவைத்துவிட்டு, சட்டப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார். பீட்டர் அந்தோணியை உங்களுக்குத் தெரியுமா? தெரியும் என்றார். ஜோ மின்னைத் தெரியுமா? தெரியும் என்றார். இருவரையும் பற்றி நீங்கள் அறிந்ததை உங்கள் வாயால் சொல்லுங்கள்.

அவர் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார்.

"ஒரு வருஷம் ரெண்டு பேருன்னு நம்பினவன் நான். என்னைவிட யாருக்கும் தெரியாது," என்றார். "ரெண்டும் ஒரே போக்கிரிதான். எங்க கையெழுத்துப் போடணும்?"