மேல்தட்டில் ஆள் ஏற்றாத படகு: கோலா சிலாங்கூர் மணல்திட்டுப் பயணம்

கப்பல் கவிழாமல் இருக்கக் கணக்குப் போடுவது என் வேலை. ஒன்பது வருடமாகக் கிள்ளானில் ஒரு கப்பல் பட்டறையில் உட்கார்ந்து அதைத்தான் செய்கிறேன். ஆனால் கடலில் போனால் எனக்கு வாந்தி வரும். அதனாலேயே ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் கோலா சிலாங்கூரில், நீர் வற்றும்போது மட்டும் கடல் நடுவே தலைகாட்டும் மணல்திட்டைப் பார்க்காமலே இருந்தேன். போன பள்ளி விடுமுறையில் என் மனைவி மாலா என்னைக் கேட்காமலே இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாள். ஆளுக்கு 80 வெள்ளி (ரிங்கிட்).

எங்கள் வீடு இருக்கும் புக்கிட் செந்தோசாவிலிருந்து காலை 7.10-க்குக் கிளம்பினோம். வழியெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள். குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முந்த வழியில்லை. இருபது நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பத்தாங் பெர்ஜுந்தையில் தோசையும் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீயும், இருவருக்கும் 11 வெள்ளி. 8.50-க்குப் படகுத்துறை. கார் மீட்டரில் 54 கிலோமீட்டர்.

படகுக்காரர் ஒரு பெண். பரமேஸ்வரி; எல்லாருக்கும் பரமா அக்கா. ஐம்பது வயதிருக்கும். தோட்டத்துப் பள்ளி வேன் ஓட்டியவர், இப்போது சொந்தப் படகை அவரே ஓட்டுகிறார். இரண்டு மாதத்துக்கு முன்புதான் இரும்புக் குழாய் நிறுத்தி மேல்தட்டு போட்டிருந்தார். அதன்மேல் கால் கழுவ ஒரு தண்ணீர்த் தொட்டி. நாங்கள் போனபோது பன்னிரண்டு பேர் ஏற்கெனவே மேலே உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் பிள்ளைகள்.

நாங்கள் கீழே உட்கார்ந்தோம். அப்போது ஒரு மீன்பிடிப் படகு எங்களைக் கடந்து போனது. அது கிளப்பிய அலையில் எங்கள் படகு சாய்ந்தது. சாய்ந்த இடத்திலேயே ஒரு கணம் நின்று, யோசித்து யோசித்து நிமிர்ந்தது. வேலையில் நான் பயப்படும் ஆட்டம் அது.

எழுந்து அக்காவிடம் போனேன். "மேல்தட்டு போடறதுக்கு முன்னாடி எப்படிக்கா ஆடும்?"

"சடக்கு சடக்குன்னு ஆடும் லா. பிள்ளைங்க பயப்படும். இப்ப பாருங்க, எவ்ளோ சாஃப்ட்டா ஆடுது!"

"அந்த சாஃப்ட்டுதான்க்கா பயமா இருக்கு." நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொன்னேன்.

மாலா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "லீவுல வந்தும் ஆபீசா?"

அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. "வெல்டிங்காரரு நல்லா ஸ்ட்ராங்காதான் போட்டிருக்காரு தம்பி."

"உடையாதுக்கா. சாஞ்சா நிமிராது."

கனம் மேலே ஏற ஏற, சாய்ந்த படகை நிமிர்த்தும் பலம் குறையும். பலம் குறைந்தால் ஆட்டமும் மெதுவாகும். ஆறு மாதிரி அமைதியான நீரில் அது சொகுசு, கடலில் ஆபத்து. இதைச் சொல்லி முடித்ததும் அக்கா மேல்தட்டை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "எப்படித் தெரிஞ்சிக்கிறது?" என்றார்.

படகைக் கட்டியிருந்த கயிற்றைத் தளர்த்தி, அடுத்த படகின் அலைக்காகக் காத்திருந்தோம். கைப்பேசியில் அவரே எண்ணினார். ஒருபக்கம் சாய்ந்து, மறுபக்கம் போய்த் திரும்ப ஆறு வினாடி. தொட்டியைக் காலி செய்து, மேலே இருந்தவர்களைக் கீழே இறக்கி மறுபடி எண்ணினார். மூன்றரை.

மேலிருந்து இறங்கிய ஒருவர் கோபப்பட்டார். "மேல உக்காரத்தானே புக் பண்ணோம்?"

"ஆமாங்க. நான்தான் சொன்னேன். இப்ப கீழன்னு சொல்றேன். வேணாம்னா காசு திருப்பித் தர்றேன்" என்றார் அக்கா.

ஐந்து பேர் முணுமுணுத்தபடி போய்விட்டார்கள். அவர்களின் முதுகைப் பார்த்தபோது, நான் தவறாகச் சொல்லியிருந்தால் என்ற பயம் எனக்கும் வந்தது.

திட்டுக்கு நாற்பது நிமிடம். கணுக்கால் தண்ணீரில் வானம் தலைகீழாகக் கிடந்தது. மாலா நூறு படம் எடுத்தாள்.

திரும்பும்போது, 12.15 இருக்கும், மேற்கே கறுத்துக் காற்று வந்தது. அக்கா படகைத் திருப்புவதற்குள் ஒரு அலை பக்கவாட்டில் அடித்தது. படகு சாய்ந்தது, விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே விழுந்தது. பிள்ளைகள் அலறினார்கள். உடனே படகு ஒரு வெட்டு வெட்டி நிமிர்ந்தது. அக்கா படகின் முன்பக்கத்தை அலைக்கு நேராகப் பிடித்து, அரைமணி நேரம் அப்படியே ஓட்டி, காற்று அடங்கியதும் கரைக்குத் திருப்பினார். நான் வாளியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். மாலா என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஆபீஸ் பேச்சே எடுக்கவில்லை.

கரையில் எல்லாரும் இறங்கியதும் அக்கா சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "மேல ஆளு இருந்திருந்தா, தம்பி?"

எனக்கு விடை தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது. எழுந்து போய் ஸ்பானர் எடுத்துவந்து, மேல்தட்டுக்குப் போகும் ஏணியைக் கழற்ற ஆரம்பித்தார்.

ஆபீசில் கப்பல் கணக்குத் தாளில் பயணிகளை ஆளுக்கு 75 கிலோ என்று ஒரு கட்டத்தில் எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவேன். திங்கட்கிழமை அந்தக் கட்டத்தைச் சீக்கிரம் கடக்க முடியவில்லை.

போகிறவர்களுக்கு: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் திட்டு நன்றாகத் தெரியும், நேரம் தினமும் மாறும், முன்பே கேளுங்கள். பாதுகாப்பு அங்கியைக் கழற்றாதீர்கள். கனமான பைகளைத் தரையில் வையுங்கள். படம் எடுக்க எல்லாரும் ஒரே பக்கம் ஓடாதீர்கள். படகுக்காரர் கீழே இறங்கச் சொன்னால் வாதாடாமல் இறங்கிவிடுங்கள். கட்டணம் வாங்கிய பிறகு அதைச் சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்காது.