பன்னீர் தெளிக்கும் ரோமானிய வீரன்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்து டயர் வெடித்து ஒரு கல்யாண மண்டபத்தின் எதிரே நிற்கிறது. ரோமாபுரி அரண்மனை மாதிரி கட்டியிருக்கிறார்களாம். தூணைத் தட்டினால் பிளாஸ்டிக் குடம் போல ஒலிக்கிறது. வாசலில் இரண்டு ரோமானிய வீரர் சிலைகள், நம்மூர் முறுக்கு மீசையோடு. அவற்றின் கையிலுள்ள இரும்பு ஈட்டிகளை வெல்டர் ஒருவர் அறுத்துக்கொண்டிருக்கிறார்.

நான் வரலாற்று வாத்தியார். சும்மா இருக்க முடியவில்லை.

"ஈட்டி என்ன பாவம் பண்ணுச்சு?" என்று மண்டபத்து மேனேஜரைக் கேட்கிறேன்.

"நாளைக்கு வேதக்காரவிய வீட்டுக் கல்யாணம் சார். 'சிலுவையில தொங்குன ஆண்டவர் விலாவுல ஈட்டியால குத்துனவன் நிக்கிற வாசல்ல எம்மவ நுழைய மாட்டா'ன்னு பொண்ணோட அம்மா சொல்லிட்டாவ. அதான் ஈட்டிய எடுத்துட்டு பன்னீர்ச் செம்பு வைக்கோம்."

சிலுவையில் அறைந்த ரோமுக்கு, அதே சிலுவையைக் கும்பிட எத்தனையோ தலைமுறைகள் ஆயின. இந்த இரண்டு வீரர்களுக்கும் ஒரு வெல்டர் போதும்.

மேனேஜர் அவரைப் பார்த்துக் கத்துகிறார்: "ஏலே, ஈட்டியத் தூரப் போட்டுறாத. அடுத்த முகூர்த்தத்துக்குத் திரும்ப ஒட்டணும்."

இதில் மட்டும் வரலாறு சரியாக இருக்கிறது. சிலுவையைக் கும்பிட்ட பிறகும் ரோம் ஈட்டியைத் தூரப் போடவில்லை.